ஜாமீனுக்கு இரண்டு பேர்

ஆவடி ஃபாக்டரியில் எங்கள் மெஷின் ஷாப்பில் ஜாமீன் கையெழுத்துக் கேட்பது பீடிக்கு நெருப்புக் கேட்பது மாதிரி. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். ஃபாக்டரி கூட்டுறவு சொசைட்டியில் லோன் போட உடன் வேலை செய்யும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நான் உனக்கு, நீ எனக்கு, நாம் இரண்டு பேரும் அவனுக்கு என்று ஷாப் முழுக்க ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவன் கட்டாமல் விட்டால் ஜாமீன் போட்டவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்த மாதம் சட்டையைப் பிடித்துச் சண்டை நடக்கும். அடுத்த மாதம் சண்டை போட்டவனே அதே ஆளிடம் கையெழுத்துக்கு வந்து நிற்பான். எங்கள் சிநேகிதம் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தது.

இதில் சேராத ஒரே ஆள் குணசேகரன். எனக்குப் பக்கத்து மெஷின். விருதுநகர் பக்கத்து ஆள், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். சொசைட்டியில் லோன் வாங்கியதில்லை, யாருக்கும் கையெழுத்துப் போட்டதும் இல்லை. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் மனைவி இறந்துவிட்டாள் என்று யாரோ சொல்லிக் கேள்வி. பிள்ளை இல்லை. ஒற்றை ஆளாகக் குவார்ட்டர்ஸில் இருந்தார். மத்தியானம் கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

எண்பத்தொன்றில் என் தங்கை கல்யாணத்துக்கு லோன் போட்டேன். ஒரு கையெழுத்து கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்குப் பக்கத்து மெஷின்காரர் இருக்கும்போது வேறு யாரைத் தேட வேண்டும் என்று அவரிடம் தாளை நீட்டினேன்.

"மன்னிச்சுக்குங்க பாஸ்கரன். நான் யாருக்கும் போடுறதில்ல" என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. நான் வேறு ஆளைப் பிடித்தேன், கல்யாணமும் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருடம். என் புத்தி அப்படி. ஒருவரை ஒதுக்கிவிட்டால் ஒதுக்கியதுதான்.

தொண்ணூற்றிரண்டில் அவருக்கு சர்வீஸ் இன்னும் ஆறு வருடம் பாக்கி. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு மகன் வீடு, மகள் வீடு, சொந்த ஊர் என்று ஏதோ ஒன்று இருந்தது. அவருக்கு எதுவும் இல்லை. கோவில்பதாகையில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், பின்னால் கிணறு. பி.எஃப். பணத்தில் முக்கால்வாசியை எடுத்து அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரையம் என்று அக்ரிமெண்ட் போட்டுவிட்டார். மீதிக்கு ஹவுசிங் லோன். மூன்று மாதத்துக்குள் லோன் வராவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் என்று அக்ரிமெண்டிலேயே எழுதியிருந்தது. அதோடு வீடும் போகும். ஐம்பத்துநான்கு வயதில் இன்னொரு வீட்டுக்குச் சேர்க்க அவரிடம் காலமும் இல்லை, காசும் இல்லை.

இந்த விவரம் எதுவும் எங்களுக்கு அப்போது தெரியாது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. நான் இங்கே எழுதுவது பாதிக்கு மேல் பின்னால் தெரிந்துகொண்டதுதான்.

அந்தக் காலத்தில் ஹவுசிங் லோனுக்கு நேராகப் போனால் இந்தத் தாள் இல்லை, அந்தத் தாள் இல்லை என்று எட்டுத் தடவை அலையவிடுவார்கள். அதனால் எல்லோரும் புரோக்கரைப் பிடித்தார்கள். எந்தப் புரோக்கரைப் பிடிப்பது என்பதற்கு எங்கள் ஷாப்பில் ஆளுக்கொரு சட்டம் இருந்தது. கமிஷனை முதலிலேயே கேட்பவனிடம் போகாதே. பத்திர நகலை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்பவனிடம் போகவே போகாதே. எல்லாம் ஆகிவிடும் என்று சிரிப்பவனைவிட, இது ஆகாது என்று ஒரு தடவையாவது சொல்கிறவன் மேல். இதையெல்லாம் கேன்டீனில் நாங்கள் சத்தமாகப் பேசுவோம். குணசேகரன் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று விடாமல் கேட்டு வைத்திருக்கிறார்.

முதலில் கரையான்சாவடியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த ராஜசேகரனிடம் போனார். எங்கள் சட்டப்படி பார்த்தால் அவர் முதல் தரமான புரோக்கர். லோன் கைக்கு வந்த பிறகுதான் கமிஷன். பத்திர நகலைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வில்லங்கச் சான்றில் ஒரு வருடம் குறைகிறது, அதை எடுத்து வரவேண்டும் என்று சொன்னார். கடைசியில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஜாமீனுக்கு ரெண்டு பேர் வேணும் சார். உங்ககூட வேலை செய்யறவங்கன்னா நல்லது. யார் யார்னு பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

குணசேகரன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு "யோசிச்சுட்டு வரேன்" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார். படியில் நின்று ஷாப்பில் இருக்கிற ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருக்கிறார். கேட்டால் யாராவது போடுவார்கள். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அடுத்து ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்த பக்தவத்சலத்திடம் போனார். இந்த மனிதர் பாதிக் கமிஷனை முதலிலேயே கேட்டார். பத்திர நகலை வாங்கி ரெக்ஸின் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சிரித்தார். எங்கள் சட்டத்தில் ஒன்றில்கூடத் தேறவில்லை.

ஜாமீன் என்று குணசேகரன் ஆரம்பித்ததும், "அதுக்கு ஏன் சார் நீங்க கவலப்படறீங்க? ஆளுங்க நம்மகிட்ட கீறாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே குணசேகரன் அவரைத் தேர்ந்தெடுத்தார். உலகத்தில் யாரும் கேள்விப்படாத காரணத்துக்காகப் புரோக்கரைத் தேர்ந்தெடுத்தவர் அவராகத்தான் இருக்கும்.

பக்தவத்சலம் கொடுத்த இரண்டு பேரில் ஒருவன் அவருடைய மைத்துனன். அவன் வெறும் கையெழுத்துக்கு. ஆபீசர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஜோசப்ராஜ். குடிநீர் பம்ப் ஹவுஸில் வேலை, நிரந்தரச் சம்பளம், வீடு கரையான்சாவடி. கூலிக்கு ஜாமீன் போடுகிற ஆள். தப்புத்தான், அவனே பின்னால் அப்படித்தான் சொன்னான். பன்னிரண்டு வருடச் சிநேகிதர்கள் என்று ஃபாரத்தில் எழுதியாகிவிட்டது. இரண்டு தடவை உட்கார்ந்து பேசி ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ளுங்கள், ஆபீசர் முன்னால் முழிக்கக்கூடாது என்று பக்தவத்சலம் சொல்லி அனுப்பினார்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார்கள். குணசேகரன் பிறந்த தேதி, சொந்த ஊர், டோக்கன் நம்பர் என்று ஒப்பித்தார். ஜோசப்ராஜ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இன்னா அண்ணாத்தே, ரேஷன் கார்டு மாரி சொல்லிகினு கீற. உனுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவ?"

"எனக்குக் கோபம் வராது."

"வராதா? கோவப்படறதுக்குன்னா ஒரு ஆள் வோணும். அதுகூட உனுக்கு இல்லியா?"

குணசேகரன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ் ஏறி வருவாராம். இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாராம். பூந்தமல்லியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்காரும், சில நேரம் தோளில் சாய்ந்து தூங்கும். அதற்காகத்தான்.

ஜோசப்ராஜ் என்னிடம் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்ற மனிதர் பஸ்ஸில் போய்த் தன் தோளில் சாய ஒரு ஆளைத் தேடியிருக்கிறார்.

இரண்டு தடவை என்று சொன்னது ஒன்பது ஞாயிறு நடந்தது. மூன்றாவது ஞாயிறு ஜோசப்ராஜ் வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டான். அவன் மனைவி லூர்தம்மாள் சர்ச்சிலிருந்து வந்து மீன் குழம்பு வைப்பாள். கணவன் அடுத்தவருக்காகக் கூலிக்குக் கையெழுத்துப் போடுவது அவளுக்குப் பிடிக்காது. குணசேகரனைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளாம். ஆனால் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பதைப் பார்த்து, அடுத்த வாரம் முள் இல்லாத துண்டமாகப் பார்த்துப் போட்டாள். ஆபீசர் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாம் நாலாவது வாரமே தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு சும்மாதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஒரு மத்தியானம் ஃபாக்டரி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நாலைந்து பேராக நின்றுகொண்டிருந்தோம். லோன் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு பையோடு ஆள் வந்தார். மெஷின் ஷாப் குணசேகரனைத் தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள், பக்கத்து மெஷின் என்று.

"ஜோசப்ராஜ்னு அவருக்குப் பன்னெண்டு வருஷ ஃபிரெண்ட் ஒருத்தர் இருக்காரு. இங்க வந்து போறதைப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "குணசேகரனுக்கு ஃபிரெண்டா? ஆள் மாறி வந்துட்டீங்க சார். அந்த மனுஷனுக்கு நிழல்கூடத் துணைக்கு வராது."

கூட நின்றவர்களும் சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் முழுக்க அந்த ஜோக்கை நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

பத்து நாள் கழித்து குணசேகரன் வேலைக்கு வரவில்லை. அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டருகே ஒரு ஆள் ஒவ்வொருவராக நிறுத்திக் குவார்ட்டர்ஸுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று கூட்டிப்போனேன். அதுதான் ஜோசப்ராஜ். நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். லோன் தள்ளுபடி ஆகிவிட்டது. ஜாமீன்தாரர் போலி என்று எழுதிவிட்டார்கள். பக்தவத்சலம் டைப்பிங் சென்டர் பக்கமே வருவதில்லை. அக்ரிமெண்ட் முடிய இன்னும் இரண்டே வாரம்.

"நான் வாங்கின துட்டை அவராண்ட குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன் நைனா. எவனோ ஒரு பேமானி இந்த கேட்டாண்ட நின்னுகினு, அவருக்கு சிநேகிதனே இல்லன்னு ஊதி வுட்டுட்டானாம். அவன் மட்டும் என் கைல கெடச்சான்..."

நான் நடையை எட்டிப் போட்டேன். குவார்ட்டர்ஸ் இவ்வளவு தூரத்திலா இருக்கிறது என்று இருந்தது.

குணசேகரன் கதவைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி. ஜோசப்ராஜ் உரிமையோடு பாயை எடுத்து விரித்து உட்கார்ந்தான், நான் நின்றேன். அவன் கவரை எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை. நீ கையெழுத்துப் போட்டாய், வேலை முடிந்தது, அது உன் காசு என்றார். அவன் விடவில்லை.

"உன்னாண்ட துட்டு வாங்கிகினு எப்டி அண்ணாத்தே உன் ஊட்டுக்கு வர்றது?"

இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "கேட்ல அப்படிச் சொன்னது நான்தாண்ணே" என்றேன்.

ஜோசப்ராஜ் பாய்ந்து எழுந்தான். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவன் திட்டியது அத்தனையும் எனக்குத் தகும். குணசேகரன் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே பாஸ்கரன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "நான் ஜாமீன் போடுறேண்ணே. நாளைக்கே போடுறேன்" என்றேன்.

"உங்களுக்கு நான் போடலியே."

"பரவாயில்லண்ணே."

"ஏன் போடலன்னு நீங்க கேக்கல."

"நீங்க சொல்லல..."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். அவர் அப்பா மைத்துனனுக்கு ஜாமீன் போட்டு, இருந்த நிலத்தை இழந்து, அந்த மைத்துனன் வீட்டு வாசலிலேயே விஷம் குடித்தவராம். சாகும்போது மகனிடம் வாங்கிய சத்தியம் அது. யாருக்கும் கையெழுத்துப் போடாதே. இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, டீ போடப் போய்விட்டார். இருந்த இரண்டு டம்ளரில் எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்.

மறுநாள் மூன்று பேருமாக ராஜசேகரனின் மாடிப்படி ஏறினோம். அவருக்கு ஆள் ஞாபகம் இருந்தது. "அன்னிக்குக் கேட்டேன், பதில் சொல்லாம எழுந்து போயிட்டீங்க. எத்தனை நாள் வீணாப் போச்சு பாருங்க" என்று கடிந்துகொண்டார். அந்தக் கம்பெனியில் இனி கதவு திறக்காது, வேறு இடத்தில் போடலாம் என்றார். நடந்தது அத்தனையும் கேட்ட பிறகு ஜோசப்ராஜைப் பார்த்து, "நீங்க வேணாம், வேற ஆளைப் பாக்கலாம்" என்றார்.

"அவர்தான் வேணும்" என்றார் குணசேகரன். அவர் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

ராஜசேகரன் யோசித்துவிட்டு, அப்படியானால் ஃபாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்றார். எழுதினார். ஜோசப்ராஜ், பழக்கம் மூன்று மாதம். பாஸ்கரன், பழக்கம் பதினெட்டு வருடம். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டை விற்கிறவரிடம் கெஞ்சி மூன்று வாரம் தவணை வாங்கினோம். அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது புரசைவாக்கத்தில் இருந்த லோன் ஆபீசுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஆபீசர் வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கூலி ஜாமீன்தாரர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் என்று முகத்திலேயே தெரிந்தது. மூன்று மாதப் பழக்கத்தில் ஜாமீன் போட வருகிறாயா என்று ஜோசப்ராஜை முதலில் பிடித்துக்கொண்டார். கேள்வி மேல் கேள்வி. இவருக்கு உடம்புக்கு என்ன? இடது காது கொஞ்சம் மந்தம் சார், மெஷின் சத்தம். ராத்திரி என்ன சாப்பிடுவார்? காலையில் ஆக்கிய சோறுதான் சார், ஒருவேளைதான் அடுப்பு. யாராவது இவருக்குக் கடிதம் போடுவார்களா? இல்லை சார். அவன் திணறவே இல்லை. இடது காது மந்தம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஷாப்பில் பதினெட்டு வருடமும் நான் நின்றது அவருடைய இடது பக்கத்தில்தான்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பதினெட்டு வருஷமா? அப்ப உங்ககிட்ட அதிகம் கேக்க வேண்டாம். இவர் வீட்டம்மா பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஜோசப்ராஜ் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டான். வீடு போயிற்று, இரண்டாவது தடவையும் என்னாலேயே போயிற்று என்று நினைத்தேன்.

குணசேகரன்தான் பேசினார். "அவருக்குத் தெரியாது சார். நான் சொன்னதில்ல. ஆனா சொன்னா சொன்னபடி செய்யற மனுஷன்."

ஆபீசர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்புறம், தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற கேஸ் இந்த மாதத்தில் இதுதான் முதல் என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டு ஃபைலைத் தள்ளினார்.

கீழே இறங்கி வந்தோம். ஜோசப்ராஜ் லூர்தம்மாளுக்கு போன் போட எதிர்க் கடைக்கு ஓடினான். அவளைப் பக்கத்து வீட்டு போனுக்கு வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்ல வேண்டுமாம். நானும் குணசேகரனும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நான் சுற்றி வந்து அவருடைய வலது பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"வீட்டம்மா பேர் என்னண்ணே?" என்று கேட்டேன்.

வந்த பஸ் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"பொன்னியம்மா" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்ப எதுக்குக் கேக்குறீங்க பாஸ்கரன்? ஆபீசர்தான் கையெழுத்துப் போட்டுட்டாரே."